புது விதியைக் கற்று வென்றவர்!



தாமிரபரணிக் கரையில் உள்ள சேரன்மாதேவியில் நான் சிறுவனாக இருந்த காலம். மாலையில் ஆற்றில் குளித்துவிட்டு வந்ததும், என் தாத்தாவும் பக்கத்து வீட்டுத் தாத்தாவும் திண்ணையில் சதுரங்கப் பலகையை விரித்துவிடுவார்கள். விளக்கு வைத்த பிறகும் ஆட்டம் முடியாது. அவர்கள் ஆடுவதைப் பார்த்துப் பார்த்தே நானும் கற்றுக்கொண்டேன்.

எட்டாம் வகுப்பு படித்தபோது ஒரு போட்டிக்காகப் பாளையங்கோட்டைக்குப் போனேன். எதிரே உட்கார்ந்த பையன், முதல் நகர்த்தலிலேயே சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினான். அது தவறு என்று நான் எழுந்து சத்தம் போட்டேன். நடுவர் சிரித்தபடியே, அதுதான் சரியான விதி என்றார். கால் மணி நேரத்தில் தோற்றுப்போனேன். பேருந்தில் அழுதுகொண்டே ஊர் திரும்பினேன்.

என்ன நடந்தது தெரியுமா? தாத்தா எனக்குச் சொல்லித் தந்தது பழைய இந்திய முறை. போட்டியில் ஆடியதோ சர்வதேச முறை!

பழைய முறையில் சிப்பாய் எப்போதும் ஒரு கட்டம்தான் போகும். இப்போது ராஜாவையும் யானையையும் சேர்த்து நகர்த்திக் கோட்டை கட்டுகிறீர்களே, அது அப்போது கிடையாது. அதற்குப் பதிலாக ராஜா ஒரே ஒரு முறை குதிரையைப் போலத் தாவலாம். இதிலும் ஊருக்கு ஊர் சிறு சிறு வேறுபாடுகள் உண்டு.

எனக்கு வந்த அதே சங்கடம் ஒரு பெரிய ஆட்டக்காரருக்கும் வந்தது. ஆனால் அவர் அழுதுகொண்டு திரும்பவில்லை. புது விதியைக் கற்று, உலகின் தலைசிறந்த வீரர்களையே வென்று காட்டினார். அவர்தான் மீர் சுல்தான் கான்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பஞ்சாபில் உள்ள மிட்டா திவானா என்ற ஊரில் பிறந்தார் சுல்தான் கான். அந்த ஊர் இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது. ஒன்பது வயதில் தந்தையிடம் சதுரங்கம் கற்றார். நம் தாத்தாக்கள் ஆடிய அதே இந்திய முறைதான். இருபத்தொரு வயதிலேயே பஞ்சாபின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்று பெயர் பெற்றுவிட்டார்.

அந்தப் பகுதியின் பெரிய நிலக்கிழார் சர் உமர் ஹயாத் கான். சதுரங்கத்தில் மிகுந்த ஆர்வம் கொண்டவர். அவர் சுல்தான் கானைத் தம் ஆதரவில் வைத்துக்கொண்டு, ஐரோப்பிய விதிகளைக் கற்றுக்கொள்ள ஏற்பாடு செய்தார். 1928-ஆம் ஆண்டு நடந்த அகில இந்தியப் போட்டியில் சுல்தான் கான் ஒன்பது ஆட்டங்கள் ஆடினார். எட்டில் வெற்றி, ஒன்றில் சமன். தோல்வியே இல்லை!

1929-இல் சர் உமர் லண்டனுக்குப் போனார். சுல்தான் கானும் உடன் போனார். அங்கே பயிற்சிக்காக ஒரு சிறிய போட்டி நடத்தினார்கள். அதில் அவர் கடைசி இடத்துக்குப் போய்விட்டார். ஏன் தெரியுமா?

இந்திய முறையில் சிப்பாய்கள் மெல்ல நகரும். இரண்டு படைகளும் மோதிக்கொள்ளவே நேரமாகும். அவசரமில்லாமல் காய்களை அடுக்கிக்கொள்ளலாம். ஐரோப்பிய முறையிலோ சிப்பாய்கள் இரண்டு கட்டம் தாவுவதால் ஆரம்பத்திலேயே சண்டை தொடங்கிவிடும். முதல் பத்து நகர்த்தலில் தவறினால் மீள்வது கடினம். அங்கிருந்த வீரர்கள் தொடக்க ஆட்டம் பற்றிய நூல்களைப் பல ஆண்டுகள் படித்தவர்கள். சுல்தான் கானுக்கு அந்த நூலறிவு இல்லை.

ஆனால் அவரிடம் வேறொரு செல்வம் இருந்தது. அதுதான் பொறுமை! இந்திய முறையில் ஆடி ஆடி, ஆட்டத்தின் நடுப்பகுதியிலும் இறுதிப்பகுதியிலும் அவர் கைதேர்ந்திருந்தார். தொடக்கத்தில் சற்றுப் பின்தங்கினாலும், விடாமல் தாக்குப்பிடித்து, காய்கள் குறைந்த பிறகு எதிராளியை மடக்கிவிடுவார். வின்டர், யேட்ஸ் என்ற இரண்டு ஆங்கில வீரர்கள் அவருக்குத் தொடக்க ஆட்டத்தில் பயிற்சி அளித்தார்கள்.

சில மாதங்களே கழிந்தன. அதே 1929-இல் ராம்ஸ்கேட் நகரில் பிரிட்டிஷ் சாம்பியன் போட்டி நடந்தது. வென்றவர் யார்? சுல்தான் கான்! நம்மை ஆண்ட நாட்டின் பட்டத்தை, பஞ்சாபின் கிராமத்து இளைஞர் ஒருவர் தட்டிச் சென்றார். அடுத்து 1932-லும் 1933-லும் அதே பட்டத்தை வென்றார். நான்கு முறை கலந்துகொண்டு மூன்று முறை வெற்றி!

கியூபா நாட்டைச் சேர்ந்த கபாபிளாங்காவைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 1921 முதல் 1927 வரை உலக சாம்பியனாக இருந்தவர். 1916-லிருந்து 1924 வரை, எட்டு ஆண்டுகள் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காதவர்! ஹேஸ்டிங்ஸ் நகரில் 1930-31-இல் நடந்த போட்டியில் அவரையே சுல்தான் கான் நீண்ட போராட்டத்துக்குப் பின் வீழ்த்தினார். இத்தனை குறைவான பயிற்சியோடு சாம்பியனானவர் அசாதாரணமான மேதை என்று பிற்பாடு கபாபிளாங்காவே வியந்தார்.

1931-இல் டார்ட்டகோவர் என்ற பெரிய வீரரோடு 12 ஆட்டங்கள் கொண்ட தனிப்போட்டியில் வென்றார். அதே ஆண்டு பிராக் நகரில் நடந்த ஒலிம்பியாட்டில் ரூபின்ஸ்டைனையும் ஃப்ளோரையும் தோற்கடித்தார். அப்போதைய உலக சாம்பியன் அலெக்கைனோடு சமன் செய்தார். ஒலிம்பியாட் போட்டிகளில் அவர் ஆடியது எந்த அணிக்கு? இங்கிலாந்து அணிக்கு, அதுவும் முதல் பலகையில்!

இவ்வளவும் எளிதாக நடந்துவிடவில்லை. இங்கிலாந்தின் குளிர் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மலேரியா, சளிக்காய்ச்சல், தொண்டை வலி என்று மாறி மாறித் துன்பப்பட்டார். கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டே ஆட உட்கார்ந்த நாள்களும் உண்டு.

இன்னொரு செய்தி. சர் உமரின் குடும்பத்தோடு லண்டன் சென்றவர்களில் பாத்திமா என்ற பெண்ணும் ஒருவர். 1933-இல் பிரிட்டிஷ் மகளிர் சாம்பியன் பட்டத்தை அவர் வென்றார். ஒரே ஆண்டில், ஒரே வீட்டிலிருந்து இரண்டு சாம்பியன்கள்!

அந்த ஆண்டின் இறுதியில் சர் உமர் இந்தியா திரும்பினார். சுல்தான் கானும் திரும்பினார். அத்தோடு அவருடைய ஐரோப்பிய ஆட்டங்கள் முடிந்துபோயின. உலகின் முதல் வரிசையில் இருந்த வீரர், ஐந்தே ஆண்டுகளில் உலக அரங்கிலிருந்து மறைந்துவிட்டார். அவரிடம் திறமை இருந்தது. ஆனால் போட்டிகளுக்குப் போகவும் வரவும் வழி அவர் கையில் இல்லையே! 1935-இல் காடில்கர் என்பவரோடு பத்து ஆட்டங்கள் ஆடினார். ஒன்று மட்டும் சமன், மற்றவை எல்லாம் வெற்றி. அதன் பிறகு விவசாயத்தைக் கவனித்தபடி சொந்த மண்ணிலேயே வாழ்ந்தார்.

1950-இல் ஃபிடே எனப்படும் உலக சதுரங்கக் கூட்டமைப்பு, சிறந்த வீரர்களுக்கு கிராண்ட் மாஸ்டர் பட்டம் வழங்கியது. பழைய வீரர்களான ரூபின்ஸ்டைனுக்குக் கிடைத்தது. டார்ட்டகோவருக்கும் ஃப்ளோருக்கும் கிடைத்தது. மூவருமே சுல்தான் கானிடம் தோற்றவர்கள்! ஆனால் அவர்களை வென்றவருக்குக் கிடைக்கவில்லை. அவர் அப்போது உயிரோடுதான் இருந்தார். 1966 ஏப்ரல் 25 அன்று சர்கோதாவில் காலமானார்.

2024 பிப்ரவரியில்தான் ஃபிடே அமைப்பு அவருக்கு கௌரவ கிராண்ட் மாஸ்டர் பட்டத்தை அளித்தது. அவர் மறைந்து ஏறத்தாழ 58 ஆண்டுகளுக்குப் பிறகு!

நம் தமிழ்நாட்டைப் பாருங்கள். 1961-இல் மானுவல் ஆரோன் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனார். பழைய இந்திய முறைக்குப் பதிலாகச் சர்வதேச முறை இங்கே பரவப் பெரிதும் உழைத்தவர் அவர். 1988-இல் விஸ்வநாதன் ஆனந்த் நாட்டின் முதல் கிராண்ட் மாஸ்டர் ஆனார். 2024 டிசம்பரில் சென்னையைச் சேர்ந்த குகேஷ் பதினெட்டு வயதில் உலக சாம்பியன் ஆனார். இன்று உங்களுக்குப் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். போட்டிகளும் புத்தகங்களும் இருக்கின்றன. சுல்தான் கானுக்கு இவையெல்லாம் ஐந்தாண்டுகள்தான் கிடைத்தன. அதற்குள்ளேயே அவர் சாதித்ததை எண்ணிப் பாருங்கள்.

புதிதாக ஒன்றைக் கற்கும்போது முதலில் தோற்கத்தான் செய்வோம். கடைசி இடம் வந்தாலும் வெட்கப்பட வேண்டியதில்லை. எழுந்து போய்விடாமல், அடுத்த ஆட்டத்துக்குக் காய்களை அடுக்க வேண்டும். பாளையங்கோட்டையில் தோற்ற மறு வாரமே நானும் புது விதிகளைக் கற்றுக்கொண்டேன். சாம்பியன் ஆகவில்லை என்றாலும், என் மாணவர்கள் பலருக்குச் சொல்லிக்கொடுத்தேன்!

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் தாத்தாவோ ஆச்சியோ பழைய முறையில் சதுரங்கம் ஆடியிருக்கிறார்களா என்று கேளுங்கள். ஆடியிருந்தால், சிப்பாயை ஒவ்வொரு கட்டமாக நகர்த்தி அவர்களோடு ஓர் ஆட்டம் ஆடிப் பாருங்கள். சுல்தான் கானின் பொறுமை எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே புரியும்!