ஆய்லரும் ஜெனோவாப் பரிசுச் சீட்டும்

கணித சாஸ்திரத்திற் சிறிதேனும் பழகினோர் லியோனார்டு ஆய்லரின் பெயரைக் கேளாதிருத்தல் அரிது. அவர் 1707-ஆம் வருஷம் சுவிட்ஸர்லாந்து தேசத்துப் பாசல் நகரில் ஒரு குருவானவருக்கு மகனாய்ப் பிறந்தார். தந்தையார் அவரையும் குருத்துவ ஊழியத்திற்கே ஆயத்தஞ் செய்தனர். ஆயினும் ஜோஹான் பெர்னூலி என்னும் பேராசிரியர் பிள்ளையின் கூர்மையைக் கண்டு, கணிதம் பயிலத் தந்தையாரை இணங்குவித்தார். ஆய்லர் 1727-இல் ருஷியாவின் பீட்டர்ஸ்பர்க் நகர் சென்று, அங்கே வலக்கண்ணின் பார்வையை இழந்து, 1741-இல் பிரஷ்ய அரசன் இரண்டாம் பிரெடெரிக்கின் அழைப்பிற்கிணங்கிப் பெர்லின் வித்தியா சங்கத்தை அடைந்தார். அவர் இயற்றியவற்றையெல்லாம் ஈண்டு உரைக்கப் புகின் இடம் போதாது; அரசன் அவரிடம் ஒப்புவித்த ஒரு கணக்கை மாத்திரம் எடுத்துக்கொள்வோம்.

1749-ஆம் வருஷம் இத்தாலியர் ஒருவர் அரசனிடம் ஒரு பரிசுச் சீட்டுத் திட்டத்தைச் சமர்ப்பித்தார். அது ஜெனோவா நகரில் வழங்கிய முறை. 1 முதல் 90 வரை எண்ணிட்ட சீட்டுக்களைக் கலந்து, அவற்றுள் ஐந்தை எடுப்பர். ஜனங்கள் தாம் விரும்பும் ஓர் எண்ணின் மீதேனும் பல எண்களின் மீதேனும் முன்னரே பணங்கட்டுவர். இதனாற் பொக்கிஷத்திற்கு லாபமோ நஷ்டமோவென்று கணித்துரைக்குமாறு ஆய்லருக்கு ஆக்ஞை பிறந்தது.

ஓரெண் வருவதற்கு 18-க்கு 1 என்பது சிறுவனுக்கும் விளங்கும். 90-இல் 5 எடுக்கப்படுகின்றனவன்றோ? இரண்டெண்கள் ஒருங்கே வரவேண்டுமாயின் காரியம் வேறு. 90 எண்களைக்கொண்டு 4,005 ஜோடிகள் அமைக்கலாம். எடுத்த ஐந்தில் அமைவன பத்தே. மூன்றெண்களாயின் 1,17,480 கூட்டங்களுள் மீண்டும் பத்தே, அஃதாவது 11,748-க்கு 1. ஐந்தெண்களும் தவறாது வாய்த்தல் 4,39,49,268-இல் ஒருமுறை.

இரு திறத்தாருக்கும் நஷ்டமின்றி நடப்பதாயின், ஓரெண்ணுக்குக் கட்டிய பணத்தைப்போல் 18 மடங்கும், மூன்றெண்களுக்கு 11,748 மடங்கும் கொடுத்தல் வேண்டும். அதிற் குறைப்பது முழுதும் நடத்துவோர்க்கு ஆதாயம். பிற்காலத்திற் பிரான்சு தேசத்து அரசாங்கம் நடத்திய இவ்வகைச் சீட்டில் முன்னதற்கு 15 மடங்கும், பின்னதற்கு 5,500 மடங்குமே கொடுக்கப்பட்டன. பெரும் பரிசை நாடினவனே பெரிதும் வஞ்சிக்கப்பட்டான். ஆய்லரின் கணக்கு அரண்மனைக்கு எழுதப்பட்டதேயன்றிப் பணங்கட்டும் எளியோருக்கு எழுதப்பட்டதன்று என்பது நமக்குச் சிறிது வருத்தமே.

அரசன் அப்போது திட்டத்தை மேற்கொள்ளவில்லை. ஏழாண்டு யுத்தத்தாற் பொக்கிஷம் வறண்ட பின்னரே, 1763-இல், பெர்லினில் அச்சீட்டு நடைபெறத் தொடங்கிற்று. அதைக் குறித்து ஆய்லர் எழுதி 1767-இல் அச்சேறிய ஒரு கட்டுரையை நாம் மிகவும் மெச்சுகிறோம். அதனால் எவருக்கும் ஒரு காசும் லாபமில்லை. எடுக்கும் ஐந்தெண்களுள் 41, 42 போல அடுத்தடுத்த எண்கள் வருவது எத்துணை அரிது என்பதே அதன் வினா. அத்தகைய எண்கள் வரக்கண்டோர் ஏதோ அற்புதமென்று மயங்குவர். கணக்கிட்டுப் பார்ப்பின், நூறு குலுக்கலில் ஏறக்குறைய 21-இல் அவ்வாறு வரற்பாலதே!

1766-இல் ஆய்லர் பீட்டர்ஸ்பர்க்குக்கே மீண்டார். அங்கே மற்றைக் கண்ணும் மங்கியது. அதன் பின்னும் பெருங்கணக்குகளை மனத்திலேயே முடித்துப் பிறரைக்கொண்டு எழுதுவித்து வந்தார். 1783-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 18-ஆம் தேதி, புதிதாய்க் கண்டறியப்பட்டிருந்த யுரேனஸ் கிரகத்தின் வழியைப்பற்றிச் சம்பாஷித்த அன்றே, தமது 76-ஆம் வயதிற் காலமானார்.