கைமுனு கட்டின மண்டபம்

துட்டகைமுனுவைப் பற்றி எங்கட புத்தாண்டு மலரிலயா என்று சிலபேர் முகம் சுளிப்பியள். பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயர் வந்தாலே புத்தகத்தை மூடினவன்தான் நானும். லண்டனுக்கு வந்து, இரவு வேலைக்குப் போற பஸ்ஸில் மகாவம்சத்தை வாசிச்ச பிறகுதான் ஆளை முழுசாகப் பார்த்தேன். 1912இல் இங்கேயே அச்சான கைகரின் ஆங்கில மொழிபெயர்ப்பு அது.

மாகமையில் காவந்தீசனுக்கும் விகாரமகாதேவிக்கும் பிறந்தவர். போருக்குப் போகாதே என்று தடுத்த தகப்பனுக்குப் பெண்கள் போடுற நகையை அனுப்பிப்போட்டு மலைநாட்டுக்கு ஓடினவர். துட்ட என்ற பட்டம் அப்படி வந்தது. 44 வருடம் ஆண்ட எல்லாளனை அனுராதபுரத்தில் கொன்றார். பிறகு அவனுக்கே நினைவிடம் கட்டி, அதைக் கடக்கிறவர்கள் மேளம் அடிக்கக் கூடாதென்று கட்டளை போட்டார். இவ்வளவும் எங்களுக்குத் தெரிஞ்ச கதை.

கி.மு. 161 முதல் 137 வரை ஆண்டார். அந்தக் காலத்தில் பிக்குமாருக்குக் கட்டின லோவாமகாபாயதான் என்னைப் பிடிச்சது. உபோசத நாட்களில் அவர்கள் கூடியிருந்து விநய விதிகளை ஓதுகிற மண்டபம். எட்டுப் பிக்குமார் தேவலோகம் போய், அங்கிருந்த மாளிகையைப் பார்த்து, சீலையில் சிவப்புச் சாயத்தால் கீறிக்கொண்டு வந்தார்களாம். தேவலோகத்தை விடுவம், கல் வைக்க முன்னமே பிளான் கீறியிருக்கிறார்கள்! பக்கத்துக்கு 100 முழம், உயரமும் அவ்வளவு. ஒன்பது தட்டு, தட்டுக்கு 100 அறை, மேல செப்பு ஓடு.

கூலியில்லாமல் ஒருத்தரும் இங்க வேலை செய்யக் கூடாது என்று அரசர் அறிவிச்சார். நாலு வாசலிலும் எட்டெட்டு லட்சம் பொற்காசும் உடுப்பும் சர்க்கரையும் எண்ணெயும் தேனும் வைச்சு, செய்த வேலையை மதிச்சுக் கொடுத்தார்கள். நான் இங்க வந்த புதுசில் ஒரு இடத்தில் ஆறு கிழமை பெட்டி அடுக்கினேன். கடைசிக் கிழமைச் சம்பளம் இன்னும் வரேல்லை. புண்ணியம் கிடைக்கும் என்று சொல்லி அரசர் சும்மாவே வேலை வாங்கியிருக்கலாம், ஆர் கேட்கிறது? எதிரி என்று படிச்ச ஆளிடம் இதை நான் எதிர்பார்க்கேல்லை.

தம்பி சத்தாதிஸ்ஸ காலத்தில் விளக்கு நெருப்புப் பிடிச்சு மண்டபம் எரிஞ்சது. ஏழு தட்டாகத் திரும்பக் கட்டினார்கள். சோழர் காலத்தில் விழுந்த தூண்களை 12ஆம் நூற்றாண்டில் பராக்கிரமபாகு நிமிர்த்தினான். 40 வரிசையில் 1600 கல்தூண் இப்பவும் நிற்குது.

ருவன்வெலிசாய முடியமுன்னம் கைமுனு படுக்கையில் விழுந்தார். தம்பி அதை வெள்ளைச் சீலையால் மூடி, முடிஞ்ச மாதிரிக் காட்டினான். வலப்பக்கம் திரும்பினால் அந்தத் தாதுகோபம், இடப்பக்கம் திரும்பினால் மண்டபம். அப்படிக் கிடந்துதான் கண்ணை மூடினார்.