காத்திருக்கும் கிருமி, காத்திருக்காத கூலி

சாக்கோட்டையை அடுத்துள்ள காரைக்குடி, நகரத்தார் மாளிகைகளுக்கு மட்டுமன்றித் தமிழ் இதழியலுக்கும் உரிய ஊர். ராய. சொக்கலிங்கனார் அங்கு நடத்திய 'ஊழியன்' இதழில், 1930-களில் சிறிது காலம் பணியாற்றியவர் புதுமைப்பித்தன்.

1906-இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த சொ. விருத்தாசலம், நெல்லையில் பட்டம் பெற்று, எழுத்தையே பிழைப்பாகக் கொண்டார். 'மணிக்கொடி'யில் சிறுகதைகள், 'தினமணி', 'தினசரி' நாளிதழ்களில் சம்பளப் பணி, பின்னர் திரைத்துறை என வாழ்க்கை நகர்ந்தது. 'ராஜமுக்தி' படத்துக்கு உரையாடல் எழுதப் புணே சென்ற காலத்தில் காசநோய் அவரை முடக்கியது. 1948-இல் திருவனந்தபுரத்தில் மறைந்தபோது அவருக்கு வயது 42.

ஸ்ட்ரெப்டோமைசின் 1943-லேயே கண்டறியப்பட்டிருந்தது. ஆனால், அது கிடைப்பது அரிது, விலையோ மிகுதி. அதன் பயனை உறுதிசெய்த பிரிட்டன் ஆய்வின் முடிவு 1948 அக்டோபரில்தான் வெளியானது.

அரை நூற்றாண்டுக்குப் பின், 1998-இல் காசநோய்க் கிருமியின் மரபணுத் தொகுதி முழுமையாக வெளியிடப்பட்டது. அதிலுள்ள சுமார் 4,000 மரபணுக்களும் எப்போதும் ஒருசேர இயங்குவதில்லை. நோயெதிர்ப்பு உயிரணுக்கள் சூழ்ந்து ஆக்சிஜன் குறையும்போது, அதை உணரும் புரதங்கள் 'டாஸ்ஆர்' என்னும் மற்றொரு புரதத்தைத் தூண்டுகின்றன. அது ஏறத்தாழ 50 மரபணுக்களை முடுக்கிவிட, கிருமி பெருகுவதை நிறுத்தி உறக்கநிலையை அடைகிறது. பெருகும் கிருமியைக் கொல்லும் மருந்துகள் பல, உறங்கும் கிருமியிடம் வலுவிழக்கின்றன. இருமல் நின்ற பின்னரும் மாதக்கணக்கில் மருந்து உட்கொள்ள வேண்டியிருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

காலந்தான் இந்நோயின் பெருஞ்செலவு. கிருமியால் காத்திருக்க முடியும். அன்றாடக் கூலியை நம்பியிருப்பவரால் முடியாது. உடல் சற்றுத் தேறியதும் அவர் வேலைக்குத் திரும்புகிறார். சிகிச்சை பாதியில் நிற்கிறது. நோய் மீள்கிறது, சில வேளைகளில் மருந்துக்கு அடங்காத வடிவில்.

மருத்துவமனையில் தங்காமல் வீட்டிலிருந்தே குணமடையலாம் என்பதை 1959-இல் உலகுக்கு மெய்ப்பித்தது சென்னையில் நடந்த ஆய்வு. இன்று அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம். பெரும்பாலோருக்கு ஆறு மாதங்கள் போதும். ஊட்டச்சத்துக்காக மத்திய அரசு மாதம் 1,000 ரூபாய் வழங்குகிறது. அது உணவுக்கு உதவும். இழந்த கூலியை ஈடுசெய்யாது. சிகிச்சைக் காலம் முழுவதற்கும் ஊதிய இழப்பீடு வழங்குவதே அடுத்த படியாக இருத்தல் வேண்டும்.

புதுமைப்பித்தனின் காலத்தில் மருந்து எட்டாக்கனியாக இருந்தது. இன்று மருந்து கையில் இருக்கிறது. அதை உண்டு முடிக்கும் அவகாசத்தை ஏழைக்கு அளிப்பது அரசின் கடமை.