அன்னா கேத்தரின் கிரீன் அம்மையார்

துப்பறியும் புதினம் என்றதும் ஷெர்லக் ஹோம்ஸையே நாம் நினைக்கிறோம். அவர் நூலுலகில் தோன்றிய 1887ஆம் ஆண்டிற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னரே இத்துறையில் புகழ்க்கொடி நாட்டியவர் ஓர் அமெரிக்கப் பெண்மணி ஆவார்.

அன்னா கேத்தரின் கிரீன் 1846இல் புரூக்ளின் நகரில் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர். கவிஞராக விழைந்த மகளார், 1878இல் 'லீவன்வொர்த் வழக்கு' என்னும் புதினத்தை வெளியிட்டார். மரண விசாரணையையும் சான்றுகளின் வலிமையையும் ஒரு பெண் இத்துணைத் தெளிவாக எழுதவியலுமா என ஐயுற்றோரும் உண்டு. அதற்குரிய விடையை அவருடைய நூல்களிலேயே நாம் காண்கிறோம்.

1897இல் அவர் படைத்த அமீலியா பட்டர்வொர்த், மணமாகாத நடுவயதுப் பெண்மணி. நள்ளிரவில் அண்டை வீட்டு வாயிலில் வண்டி நிற்கக் கேட்டுச் சாளரத்தருகே சென்றவர், மறுநாள் கொலை வெளிப்பட்டதும் தாமே துப்பறியப் புகுகிறார். முதிர்ந்த துப்பறிவாளர் கிரைஸுடன் அவர் போட்டியிடும் பகுதிகள் நம்மை நகைக்க வைக்கின்றன. எனினும், தொப்பியும் ஆடையும் அவர் பார்வையில் சான்றுகளாவதைக் காணுங்கால் நகைப்பு வியப்பாகிறது.

மூன்று மக்களை வளர்த்தவாறே எழுதிய அம்மையார், பெண்களின் வாக்குரிமையை ஆதரித்தாரல்லர். ஆயினும் அவர் படைத்த பெண், எவர் இசைவையும் வேண்டாது தன் அறிவை நம்பி நடந்தாள். படைத்தவரினும் படைப்பு முன்சென்ற விந்தை இது! 1935இல் பஃபலோ நகரில் அம்மையார் மறைந்தார். அமீலியாவின் அறிவுத் துணிவோ நம்மிடையே வாழ்கிறது.