பாப் பாடகர் இல்ல, இவர் பீர் வேட்டைக்காரர்: யார் இந்த இன்னொரு மைக்கேல் ஜாக்சன்?

மைக்கேல் ஜாக்சன் என்று கூகுளில் தட்டினால் என்ன வரும்? மூன்வாக், வெள்ளை கையுறை, த்ரில்லர். ஆனால் கிராஃப்ட் பீர் பிரியர்களிடம் அதே பெயரைச் சொல்லிப் பாருங்கள். அவர்கள் மனதில் வருபவர் சுருட்டை முடி, தாடி, மூக்குக்கண்ணாடி, கையில் நோட்டுப் புத்தகத்தோடு நிற்கும் ஒரு இங்கிலாந்து பத்திரிகையாளர். ஒரு பாட்டுகூட பாடாதவர். பெயர்க் குழப்பத்தை அவரே டிவியில் ஜோக்காக்கிச் சிரித்ததுண்டு.

இன்று ஒரு பீர் பிரியர் மெனு கார்டைப் பார்த்து 'இது ஸ்டவுட், இது விட்பியர், இது லாம்பிக்' என்று வகை பிரிக்கிறார். கண்ணை மூடி ருசி பார்த்து எது எந்த வகை என்று சொல்கிறார். இந்த மொத்த விஷயத்தையும் ஒரு பாடமாக மாற்றியதில் இந்த ஜாக்சனின் பங்கு பெரிது. அவர் எப்படிக் கற்றுக்கொண்டார், அது எதையெல்லாம் காப்பாற்றியது?

16 வயதில் வேலை

1942 மார்ச் 27-ல் வடக்கு இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில், வெதர்பி என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பா வழி லித்துவேனியாவிலிருந்து வந்த யூதக் குடும்பம். ஜாகோவிட்ஸ் என்பதுதான் குடும்பப் பெயர். அப்பா அதை ஜாக்சன் என்று மாற்றிக்கொண்டார். அப்படிப் பார்த்தால் உலகப் புகழ்பெற்ற அந்தப் பெயர் இவருக்கு வந்ததே ஒரு தற்செயல்தான்.

காலேஜ் பக்கம் போகவில்லை. 16 வயதில் பள்ளியை விட்டுவிட்டு, ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் உள்ளூர் பத்திரிகையில் நிருபராகச் சேர்ந்தார். பிறகு எடின்பரோவில் வேலை. விஸ்கி அறிமுகமானது அங்கேதான். அதன்பின் லண்டன் போய், விளம்பரத் துறைக்கான 'கேம்பெயின்' பத்திரிகையின் ஆசிரியர் நாற்காலி வரை உயர்ந்தார்.

பீர் தயாரிப்பு பற்றி அவர் எந்தப் பட்டமும் வாங்கவில்லை. அவரிடம் இருந்தது ஒரு லோக்கல் நிருபரின் பழக்கம்: நேரில் போ, கேள்வி கேள், பெயரைச் சரியாக எழுது. பின்னால் அவருக்குக் கைகொடுத்தது இதுதான்.

எல்லா பீரும் ஒரே மாதிரி ஆன காலம்

1960, 70-களில் பிரிட்டனின் பீர் சந்தையைப் பெரும்பாலும் ஆறு பெரிய கம்பெனிகள் பிடித்து வைத்திருந்தன. பீப்பாயிலேயே மெல்லப் பதமாகும் பழைய ஏல் பீர் ஓரங்கட்டப்பட்டது. வடிகட்டி, சூடுபடுத்தி, கேஸ் ஏற்றிய பீர் பப்களை நிறைத்தது. கெட்டுப்போகாது, கையாள்வது சுலபம், கம்பெனிக்கு லாபம். ஆனால் ருசி? 1971-ல் நாலு பேர் சேர்ந்து 'கேம்ரா' என்ற நுகர்வோர் இயக்கத்தைத் தொடங்கும் அளவுக்கு ரசிகர்கள் வெறுத்துப் போயிருந்தார்கள்.

அமெரிக்காவில் நிலைமை இன்னும் மோசம். 1970-களின் கடைசியில் அவ்வளவு பெரிய நாட்டில் இயங்கிய பீர் ஆலைகள் நூறுகூட இல்லை. அவற்றில் பெரும்பாலானவை தந்தது ஒரே மாதிரியான, வெளிர் மஞ்சள் லேகர். பெல்ஜியத்திலோ ஹோகார்டன் ஊரின் பாரம்பரிய கோதுமை பீர் 1950-களிலேயே நின்றுபோய்விட்டது. பியர் செலிஸ் என்ற உள்ளூர் பால்காரர் 1960-களில் அதை மறுபடி காய்ச்சத் தொடங்கினார். ஆனால் அந்த வட்டாரத்தைத் தாண்டி அதைத் தெரிந்தவர்கள் ரொம்பக் கம்மி.

பெயர் சொன்ன புத்தகம்

1976-ல் ஜாக்சன் இங்கிலாந்து பப்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அடுத்த ஆண்டே வந்தது 'தி வேர்ல்டு கைடு டு பீர்'. பிறகு பத்துக்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் போன புத்தகம் இது.

அதில் என்ன புதுசு? ஒயினைப் பற்றி எழுதுபவர்கள் திராட்சை, மண், ஊர் என்று அக்கறையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். பீரை அப்படி யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஜாக்சன் உலகின் பீர்களை வகை வகையாகப் பிரித்தார். எந்த ஊரில் பிறந்தது, எந்தத் தானியம், எந்த ஈஸ்ட், என்ன நிறம், என்ன ருசி, யார் இன்னும் காய்ச்சுகிறார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி கொடுத்தார்.

உதாரணத்துக்கு லாம்பிக். பிரஸ்ஸல்ஸ் நகரைச் சுற்றியுள்ள பகுதியின் பீர் இது. காய்ச்சிய திரவத்தை அகலமான, ஆழமில்லாத தொட்டியில் ராத்திரி முழுக்க ஆறவிடுவார்கள். தனியாக ஈஸ்ட் சேர்ப்பதில்லை. காற்றிலும் மரப் பீப்பாயிலும் இருக்கும் நுண்ணுயிர்களே நொதிக்க வைக்கும். பழுத்துவர ஒன்று முதல் மூன்று ஆண்டுகள்வரை ஆகலாம். ருசி? நல்ல புளிப்பு. விவரம் தெரியாத ஒருவர் முதல் வாயிலேயே 'கெட்டுப்போச்சு' என்று கிளாஸைத் தள்ளிவிடுவார். அது அப்படித்தான் இருக்க வேண்டும் என்று தெரிந்தவர் அடுத்த வாய் குடிப்பார். பெயரும் கதையும் தெரிந்தால் நாக்கு தரும் தீர்ப்பே மாறிவிடுகிறது. ஜாக்சன் வாசகர்களுக்குக் கொடுத்தது அந்த இரண்டாவது வாய்ப்பைத்தான்.

ஒரு சின்னக் குறிப்பு, உயிர் பெற்ற பீர்

எழுத்தால் ஒரு பீரைத் திரும்பக் கொண்டுவர முடியுமா? நடந்திருக்கிறது.

ஓட்ஸ் சேர்த்துக் காய்ச்சும் 'ஓட்மீல் ஸ்டவுட்' ஒரு காலத்தில் இங்கிலாந்தில் பிரபலம். 1970-களின் நடுவில் அது காணாமல் போனது. எல்ட்ரிட்ஜ் போப் என்ற ஆலை அதற்குமுன் காய்ச்சி வந்த ஓட்ஸ் ஸ்டவுட்டைப் பற்றி ஜாக்சன் தன் 1977 புத்தகத்தில் சின்னதாகக் குறிப்பிட்டிருந்தார். அதைப் படித்த அமெரிக்க பீர் இறக்குமதியாளர் சார்லஸ் ஃபிங்கலுக்கு ஆர்வம் தொற்றிக்கொண்டது. யார்க்‌ஷயரின் டாட்காஸ்டர் ஊரில் உள்ள சாமுவேல் ஸ்மித் ஆலையிடம், அப்படி ஒன்றைக் காய்ச்சித் தர முடியுமா என்று கேட்டார். 1980-ல் அது வந்தது. இன்று உலகம் முழுக்க சின்னச் சின்ன ஆலைகள் காய்ச்சும் ஓட்மீல் ஸ்டவுட்டுகளுக்கு முன்மாதிரி அதுதான். டாட்காஸ்டர், ஜாக்சன் பிறந்த வெதர்பிக்குப் பக்கத்து ஊர் என்பது கூடுதல் சுவாரஸ்யம்.

அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் காய்ச்சுவதை நாடு தழுவிய அளவில் சட்டபூர்வமாக்கிய மசோதாவில் 1978-ல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டார். திடீரென்று ஆயிரக்கணக்கான கிச்சன்கள் குட்டி ஆலைகளாயின. என்ன காய்ச்சுவது? ஜாக்சனின் புத்தகம் அவர்களுக்கு ஒரு பட்டியலாகக் கிடைத்தது. வீட்டு பீர் ஆர்வலர் சங்கத்தின் நிறுவனர்களில் ஒருவரான சார்லி பாபாசியன் லண்டனில் நடந்த பீர் திருவிழாவுக்கு வந்தபோது, இதை அமெரிக்காவிலும் நடத்தினால் என்ன என்று ஜாக்சனிடம் கேட்டார். யோசனை நல்லதுதான், ஆனால் ஊற்றிக் கொடுக்க அங்கே என்ன பீர் இருக்கிறது என்று திருப்பிக் கேட்டாராம் ஜாக்சன். அந்தத் திருவிழா 1982-ல் கொலராடோவில் தொடங்கியது; கேள்விக்கான பதில் வர இன்னும் சில ஆண்டுகள் ஆனது.

அவர் எப்படிக் கற்றார்?

ஆலைக்கு நேரில் போவார். காய்ச்சுபவரிடம் பேசுவார். ருசித்ததை அங்கேயே நோட்டில் எழுதுவார். சாக்லேட், காபி, வாழைப்பழம், கிராம்பு, ஆரஞ்சுத் தோல் என்று வாசகருக்கு ஏற்கெனவே தெரிந்த ருசிகளோடு ஒப்பிடுவார். ஒன்றை மட்டும் குடித்துவிட்டு முடிவு சொல்லாமல் பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் பார்ப்பார்.

இன்றைய பீர் பிரியர்கள் செய்வதும் இதையேதான். சின்ன கிளாஸ்களில் நாலைந்து வகைகளை வரிசையாக வைத்து ஒப்பிடுகிறார்கள். பாப்கார்ன் வெண்ணெய் வாசம் வந்தால் நொதித்தலில் கோளாறு இருக்கலாம், நனைந்த அட்டை வாசம் என்றால் பீர் பழசு, வெளிச்சம் பட்ட பீரில் ஒருவித நாற்றம் வரும் என்று குறைகளைப் பெயரோடு படிக்கிறார்கள். அமெரிக்காவில் 1985 முதல் பீர் போட்டி நடுவர்களுக்குத் தேர்வே நடக்கிறது. அந்தத் தேர்வுக்கான வகைப் பட்டியல்களின் வேர், ஜாக்சன் போட்ட பட்டியலில் இருக்கிறது.

சேனல் 4-க்காக அவர் செய்த ஆறு பகுதி 'தி பீர் ஹன்டர்' தொடர் அவரை வீடு வீடாகக் கொண்டுபோனது, பட்டப்பெயரும் ஒட்டிக்கொண்டது. 1989-ல் வந்த மால்ட் விஸ்கி கையேடும் பெரிய ஹிட். பெல்ஜிய பீரை உலகுக்குச் சொன்னதற்காக 1994-ல் அந்த நாட்டு இளவரசர் பிலிப் கையால் விருது வாங்கினார்.

தப்பே செய்யாதவரா?

இல்லை. பின்னாளில் பழைய ஆவணங்களைத் தோண்டிய வரலாற்றாய்வாளர்கள், அவர் எழுதிய சில பூர்விகக் கதைகள் சரியில்லை என்று காட்டினார்கள். வழிகாட்டியாக அவர் போட்ட வகைகளைச் சிலர் கறாரான சட்டமாக்கி, 'இது இந்த வகைக்குள் வராது' என்று சண்டை போடுவதும் நடக்கிறது. ஆனால் அவரைத் திருத்தியவர்களில் பலரும் அவர் புத்தகத்தில் இருந்துதான் ஆரம்பித்தவர்கள்.

கடைசி சில வருடங்கள்

வாழ்க்கையின் பிற்பகுதியில் ஜாக்சனின் பேச்சு குழறியது, நடை தடுமாறியது. பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? பீர் எழுத்தாளர், ஓவராகிவிட்டது, அவ்வளவுதான். உண்மையில் அவருக்கு இருந்தது பார்க்கின்சன் நோய். பல ஆண்டுகள் வெளியே சொல்லாமல் வைத்திருந்தவர், இறப்பதற்குச் சில மாதங்கள் முன்புதான் பகிரங்கமாகச் சொன்னார். தான் குடிபோதையில் இல்லை என்பதையே தலைப்பாக வைத்து ஒரு புத்தகம் எழுத நினைத்தார். எழுத நேரம் கிடைக்கவில்லை. 2007 ஆகஸ்ட் 30-ல் லண்டன் வீட்டில் மாரடைப்பால் இறந்தார். வயது 65.

ஒரு கிளாஸ் புளிப்பு பீரைக்கூட அவசரப்பட்டுக் கெட்டுப்போனது என்று சொல்லாதீர்கள், அது எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள் என்பதுதான் 30 ஆண்டுகளாக அவர் எழுத்து சொன்னது. அந்தப் பொறுமை அவருக்கே கிடைக்காமல் போனதுதான் சோகம்.

அவருடைய புத்தகங்களும், குறிப்புகள் அடைத்த ஃபைல் அலமாரிகளும் இப்போது ஆக்ஸ்ஃபோர்டு புரூக்ஸ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. நேரில் போய், கேள்வி கேட்டு, பெயரைச் சரியாக எழுதிய ஒரு நிருபரின் வாழ்நாள் நோட்ஸ்.