வீதியில் விளைந்த இசை: பாபநாசம் சிவன்

சொல்லையும் பண்ணையும் ஒருசேரப் படைப்போரை வாக்கேயக்காரர் என்பது இசையுலக மரபு. இருபதாம் நூற்றாண்டுத் தமிழகத்தில் அப்பெயருக்கு முழுதும் உரியவராய் விளங்கி, தமிழ்த் தியாகையர் என்று போற்றப்பெற்றவர் பாபநாசம் சிவன். அவர்தம் பெருமையை மேடைகள் அறியும், திரையரங்குகளும் அறியும். அவ்விசை பிறந்த இடமோ இவ்விரண்டுமன்று. தந்தையை இழந்த சிறுவனின் அலைச்சலிலும், வீதிவழி நடந்த பஜனையிலுமே அது விளைந்தது.

பழைய தஞ்சை மாவட்டத்துப் போலகம் என்னும் சிற்றூரில் 1890ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் இராமாமிருத ஐயருக்கும் யோகாம்பாளுக்கும் மகனாகப் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் இராமையா. ஏழு வயதில் தந்தை மறைந்தார். ஆதரவற்று நின்ற அன்னை தம் மக்களை அழைத்துக்கொண்டு 1899ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் நோக்கிப் புறப்பட்டார். காவிரிப் பாசனத்து ஊரில் பிறந்த பிள்ளை, வேற்று மொழி வழங்கும் நாட்டில் உறவினரை அண்டி வளரும் நிலை ஏற்பட்டது.

திருவனந்தபுரத்தில் அவர் முதலில் பயின்றது மலையாளம். பின்னர் அரசர் கல்லூரியில் வடமொழி இலக்கணம் கற்றுப் பட்டம் பெற்றார். பிற்காலத்தில் தமிழில் நூற்றுக்கணக்கான கீர்த்தனைகளை இயற்றப் போகின்றவருக்குக் கல்விக்கூடம் தந்த செல்வம் இவையே. தமிழ் அவருக்குக் கேள்வியால் வந்தது. பத்மநாபபுரம் நீலகண்ட சிவனின் தமிழ்ப் பாடல்கள் அந்நகரத்துப் பஜனைகளில் முழங்கிய காலம் அது. பலர் கூடிப் பாடும் அப்பாடல்களில் இளம் இராமையா தோய்ந்தார். நூரணி மகாதேவ பாகவதர் முதலியோரிடம் இசையின் அடிப்படைகளைக் கற்றார். கோனேரிராசபுரம் வைத்தியநாதையரின் பாட்டு அவர் உள்ளத்தை ஆட்கொண்டது.

1910ஆம் ஆண்டில் அன்னை மறைந்தார். வீடு என்று சொல்லிக்கொள்ள இருந்த ஒரே பற்றுக்கோடும் அத்துடன் நீங்கிற்று. வேலை தேடி ஓரிடத்தில் அமராமல், கோயில் கோயிலாகச் சென்று பாடித் திரிந்தார் அவ்விளைஞர். தமையனார் வாழ்ந்த பாபநாசத்தில் தங்கியபோது, திருநீறு துலங்கும் மேனியுடன் பஜனை செய்துவந்த அவரை மக்கள் சிவன் என்றே அழைக்கலாயினர். ஊர்ப்பெயரும் மக்கள் தந்த பெயரும் சேர்ந்து நிலைத்தன. ஆயினும் தம் பாடல்களில் அவர் பொறித்த முத்திரை இராமதாசன் என்பதாகும். பெற்றோர் இட்ட பெயரின் நிழல் அதில் எஞ்சி நின்றது.

திருவாரூரில் தொடங்கியது அவர்தம் பாட்டியற்றும் பணி. 1918ஆம் ஆண்டில் திருவையாற்றுத் தியாகராசர் விழாவில் கச்சேரி மேடையேறினார். பின்னர்ச் சென்னை சேர்ந்து மயிலாப்பூரில் குடியமர்ந்தார். மார்கழி வைகறையில் கபாலீசுவரர் கோயிலின் நான்கு மாட வீதிகளிலும் அவர் நடத்திய பஜனை, பல்லாண்டுகள் தொடர்ந்தது. அறுபத்துமூவர் விழாவின் காட்சியைக் காம்போதியில் வடித்த காணக் கண் கோடி வேண்டும் என்னும் கீர்த்தனை, வீதியில் நின்று கண்டவரின் பாட்டு என்பதை எளிதில் உணரலாம்.

கவிஞர்கள் ஊன்றி நோக்கத்தக்க இடம் இதுவே. நடந்துகொண்டே பலர் பாடும் பாட்டில் சொல் இடறக்கூடாது. ஒருமுறை கேட்டவர் மறுமுறை உடன்பாட இயலவேண்டும். இசை நீளும் இடத்தில் நெடில் வந்து தாங்கவேண்டும். இந்தப் பயிற்சியே சிவனின் சொல்லாட்சியை உருவாக்கியது. அவர் பாடல்களில் வடசொற்கள் மிகுதி என்னும் குறை கூறப்படுவதுண்டு, அது உண்மையே. வடமொழிச் சொற்களுக்குப் பெருந்திரட்டு ஒன்றினைத் தொகுத்த புலமையாளர் அவர். எனினும் அப்புலமை கேட்போரை அச்சுறுத்தும் வகையில் அவர் பாட்டில் தலைகாட்டுவதில்லை. குழந்தை தாயிடம் பேசுவதுபோன்ற முறையீடே அங்கு மேலோங்கி நிற்கின்றது. தாம் ஒரு விளையாட்டுப் பொம்மையோ என்று அம்பிகையை வினவும் நவரசகன்னடக் கீர்த்தனையில் கேட்பது கற்பனைத் துயரமன்று. இளமையில் ஊர் ஊராக உருட்டப்பட்டவரின் குரல் அது.

1934ஆம் ஆண்டில் அவர்தம் கீர்த்தனைகள் நூலாக வெளிவந்தன. திரையுலகும் அவரை நாடியது. தியாகராச பாகவதர் நடித்த அசோக் குமார் (1941), சிவகவி (1943), ஹரிதாஸ் (1944) ஆகிய படங்களின் பாடல்கள், கச்சேரி மேடையை எட்டிப்பார்த்திராத மக்களின் நாவிலும் இராகங்களை ஏற்றின. கல்கியின் கதையை ஒட்டி கே. சுப்பிரமணியம் இயக்கிய தியாக பூமியில் (1939) சிவன் சம்பு சாஸ்திரியாக நடித்தார். உள்ளதை இழந்து சென்னைக்கு வந்து, எளியோர் நடுவே பஜனை பாடி வாழும் அப்பாத்திரத்திற்கும் அவர்தம் வாழ்வுக்கும் இடைவெளி மிகுதியில்லை. ஆங்கில அரசு அப்படத்தைத் தடை செய்தது.

விருதுகள் முதுமையில் வந்தன. சங்கீத கலாநிதி 1971இலும், பத்மபூஷண் 1972இலும் வழங்கப்பெற்றன. 1973ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் அவர் மறைந்தார்.

இளமைத் துன்பம் சிலரைக் கசப்பில் தள்ளும். சிலரை வாயடைக்கச் செய்யும். சிவனை அது பிறரோடு சேர்ந்து பாடவைத்தது. நிலையான வீடின்றி வளர்ந்தவர், எவரும் நுழைந்து உடன்பாடக்கூடிய பாட்டுகளைத் தமிழுக்குக் கட்டித் தந்தார். கூடியிருந்து கவிதை வளர்ப்போர் அவரிடம் கற்க வேண்டியது இராக இலக்கணம் மட்டுமன்று. தம் துயரைப் பிறர் நாவுக்கும் உரியதாக்கும் அந்த எளிமையும் ஆகும்.