கரப்பந்தாட்ட ஆசான் டைமட்சு

ஆசிரியன் ஒருவன் தன் மாணாக்கரை எத்துணைத் தூரம் வருத்தலாம்? பள்ளிக்கூடம் தோன்றிய நாள்தொட்டே இவ்வினாவும் உள்ளது. இதனை ஆராயப் புகுவார், யப்பானியக் கரப்பந்தாட்டப் பயிற்றாசிரியர் டைமட்சு ஹிரோபுமியின் வாழ்க்கையை ஒருமுறை நோக்குதல் வேண்டும். 1991ஆம் ஆண்டு தொட்டுக் கரப்பந்தாட்டத்தைத் தேசிய விளையாட்டாகக் கொண்டுள்ள நம் நாட்டவருள்ளும் அவர் பெயரை அறிந்தோர் சிலரே.

யப்பானின் ககாவா மாகாணத்து உதாசு என்னும் ஊரில் 1921ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆம் நாள் டைமட்சு பிறந்தார். குவான்செய் ககுயின் கலாசாலையிற் பயிலுங்கால் கரப்பந்தாட்டத்தில் தேர்ச்சி பெற்று, பின்னர் நிச்சிபோ என்னும் பெரும் நூற்பாலை நிறுவனத்திற் சேர்ந்தார். சேர்ந்த சின்னாளிலேயே போர் அவரை அழைத்துக் கொண்டது. 1944இல் பர்மாவினின்று இம்பாலை நோக்கிச் சென்ற யப்பானியப் படையுள் அவரும் ஒருவர். அப்படையினருட் பல்லாயிரவர் பசியாலும் நோயாலும் காட்டுவழியிலே மடிந்தனர். உயிர் தப்பிய டைமட்சு பிரித்தானியரிடம் சிறைப்பட்டிருந்து தாய்நாடு மீண்டார். இனி இயலாது என்று உடல் சொல்லும் எல்லைக்கு அப்பாலும் மனத்திண்மை மனிதனை நடத்திச் செல்லும் என்பதே அக்காடு அவர்க்குக் கற்பித்த பாடம். அவர்தம் பிற்கால வாழ்வெல்லாம் இப்பாடத்தின் விரிவுரை எனலாம். நன்மையும் தீமையும் அதனூடேயே வந்தன.

1950களின் முற்பகுதியில், ஒசாக்காவுக்குத் தெற்கேயுள்ள கைசூக்கா ஆலையின் மகளிர் அணியைப் பயிற்றும் பொறுப்பு அவரிடம் வந்தது. அக்காலத்து யப்பானியர் ஆடியது ஒன்பதின்மர் ஆட்டம். உலக அரங்கிலோ அறுவர் ஆட்டமே வழக்கு. உள்நாட்டிற் புகழ்பெற்ற தம் அணியினரை டைமட்சு அறுவர் ஆட்டத்துக்கு மாற்றத் துணிந்தார். பழகிய கையையும் காலையும் மறக்கச் செய்து புதிதாகக் கற்பித்தல், முதன்முறை கற்பித்தலினும் அரிது என்பதை ஆசிரியத் தொழில் செய்வோர் அறிவர்.

1960இல் பிறேசிலில் நடைபெற்ற உலகப் போட்டியில் யப்பானிய மகளிர் சோவியத் அணிக்கு அடுத்த இடத்தையே பெற்றனர். உயரத்திலும் உடல் வலியிலும் எதிரணியினர் மேம்பட்டவர். அவர் அடிக்கும் பந்தை நிலத்தில் விழாது காத்தலன்றி வெல்லும் வழி வேறில்லை எனக் கண்டார் டைமட்சு. தள்ளத் தள்ளத் தானே எழுந்து நிற்கும் பொம்மை ஒன்று அவர்க்கு வழிகாட்டிற்று. தொலைவில் வீழும் பந்தைப் பாய்ந்தெடுத்து, பாய்ந்த வேகத்திலேயே தோள்மேல் உருண்டு, கணத்தில் எழுந்து அடுத்த பந்துக்கு ஆயத்தமாகும் முறையை அவர் வகுத்தார். எழுத்திற் படிக்க எளிதாயிருக்கும் இதனை வன்றரையிற் பழகுதல் எளிதன்று. தோளும் முழங்கையும் இடுப்பும் கன்றிப் போகும்.

அம்மகளிர் பகலெல்லாம் ஆலை அலுவலகத்தில் வேலை செய்தனர். மாலையில் தொடங்கும் பயிற்சி நள்ளிரவு வரையும், சில நாள்களில் அதனைக் கடந்தும் நடந்தது. பயிற்றாசிரியரும் பகலில் அந்நிறுவனத்தின் ஊழியரே. இரவில் ஓயாது பந்தெறிந்தவர் அவரே. நாட்டார் அவரைப் பேய் என்றனர். 1964 மார்ச்சில் அமெரிக்க விளையாட்டு வார இதழொன்று, மனித மாண்புக்கு ஒவ்வாத பயிற்சி எனக் கண்டித்து எழுதிற்று. அக்கண்டனத்தை அயலார் பொறாமையென ஒதுக்கிவிடுதல் முறையன்று. சோர்ந்து வீழ்ந்த பெண்ணை நோக்கி மீண்டும் பந்தெறிதலை இக்காலத்து ஆசிரியர் எவரும் பின்பற்றலாகாது. ஆயினும், தாம் வருத்திய அளவுக்குத் தம்மையும் வருத்திக் கொண்டவர் அவர் என்பதையும் மறைத்தல் கூடாது.

1962இல் சோவியத் அணியை அவர்தம் தலைநகர் மொஸ்கோவிலேயே வென்று உலகப் பட்டம் பெற்றபின், டைமட்சுவும் மூத்த ஆட்டக்காரரும் ஓய்வு பெற எண்ணினர். மணப்பருவம் கடந்து கொண்டிருந்த பெண்களை மேலும் நிறுத்தி வைத்தல் தகுமா என்னும் கவலை அவர்க்கிருந்தது. ஆனால் தோக்கியோ ஒலிம்பிக்கிலேயே கரப்பந்தாட்டம் முதன்முதலாக இடம்பெறவிருந்தது. ஆடுக என வேண்டி மக்களின் கடிதங்கள் வந்து குவிந்தன. ஈற்றில் அணித்தலைவி கசாய் மசாயேயும் தோழியரும் தொடர்ந்து ஆடுவதென முடிவு செய்தனர். நாட்டு அணியின் பன்னிருவருட் பதின்மர் கைசூக்கா ஆலையினரே.

1964 ஒக்ரோபர் 23ஆம் நாள் மாலை, யப்பானும் சோவியத் ஒன்றியமும் தங்கப் பதக்கத்துக்காக மோதின. அதுவரை யப்பானியர் இழந்தது போலந்துக்கு எதிரான ஒரு சுற்று மட்டுமே. முதலிரு சுற்றுகளை 15-11, 15-8 என வென்றனர். மூன்றாஞ் சுற்றில் வெற்றி கைக்கெட்டிய பின்னும் நழுவி நழுவிப் போயிற்று. சோவியத் மகளிர் 13 வரை நெருங்கி வந்தனர். முடிவில் அவருள் ஒருத்தியின் கை வலைக்கு மேலாக எல்லை கடந்த தவற்றால் யப்பானுக்கு வெற்றி வாய்த்தது. தோக்கியோவைச் சூழ்ந்த பகுதியில் தொலைக்காட்சியுடைய வீடுகளில் நூற்றுக்கு 66.8 வீதமானவை அவ்வாட்டத்தைக் கண்டன. மங்கையர் தழுவி அழுதனர். ஆசானோ ஆரவாரத்தினின்று விலகித் தனித்திருந்தார். இச்சிக்காவா கோன் எடுத்த ஒலிம்பிக் திரைப்படம் அத்தனிமையைக் காட்டுகின்றது. வென்ற முகத்திலும் இழந்தவன் சாயலே அதிற் படிந்துள்ளது.

அத்துடன் அவர் பதவி துறந்தார். முப்பத்தொரு வயதினராயிருந்த கசாயிக்குப் பிரதமர் சாத்தோ மூலம் மணமகன் வாய்த்து, 1965இல் திருமணம் நிகழ்ந்தது. அவ்வாண்டிலேயே சீனப் பிரதமர் சூ என்லாயின் அழைப்பை ஏற்று, டைமட்சு சீன மகளிரைப் பயிற்றச் சென்றார். அக்காலை இரு நாடுகளுக்குமிடையே அரசுமுறை உறவு இருந்ததில்லை. அதே சீன மகளிர் 1981இல் யப்பான் மண்ணில் யப்பானையே வென்று உலகக் கிண்ணம் பெற்றனர். அதனைக் காண அவர் இருந்திலர்.

1968இல் பாராளுமன்ற மேற்சபைக்குத் தெரிவான அவர் 1974இல் தோல்வியுற்றார். அரசியலில் அவர் பெயர் நிலைக்கவில்லை, பந்திடமே மீண்டார். இல்லத்தரசியரான தாய்மார் ஆடும் கரப்பந்தாட்டம் யப்பானெங்கும் பரவிய காலம் அது. வெற்றியும் பதக்கமும் வேண்டாது, உடல் நலத்துக்கும் தோழமைக்குமாக ஆடிய அப்பெண்களுக்குக் கற்பிக்க ஊரூராகச் சென்றார். அத்தகைய வகுப்பொன்றுக்காக ஒக்கயாமா மாகாணத்து இபாராவுக்குச் சென்றிருந்தபோது, 1978 நவம்பர் 24ஆம் நாள் மாரடைப்பால் உயிர் நீத்தார். அப்போது அவர்க்கு வயது ஐம்பத்தேழு.